கமிஷனும் வாங்குறார், வேலையும் நடக்குது: எம்எல்ஏவுக்கு எப்படி மார்க் போடுவது?

மேட்டுத்தெரு (கேள்வி)

தேர்தல் நெருங்கினால் எல்லா ஊரிலும் ஒரே வசனம்தான். "அவரு சாப்பிட்டாரு, இல்லேங்கல. ஆனா நமக்கும் நாலு ரோடு போட்டுக் குடுத்தாரு." உடனே பக்கத்தில் இருப்பவர், "சொத்து எத்தனை மடங்கு ஏறியிருக்கு பாத்தியா" என்பார். மூன்றாமவர் வழக்குகளின் எண்ணிக்கையை எடுத்துவிடுவார். மூவருக்கும் ஆதாரம் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம்.

பதவியில் இருக்கும் எம்எல்ஏ ஒருவர் மறுபடி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்சிக்காரர் அல்லாத ஒரு வாக்காளர், கையில் கிடைக்கும் காகிதங்களை வைத்து அவரை எடை போட வேண்டும். எந்தக் காகிதத்தை எடுப்பது? அதில் எந்த வரியைப் பார்ப்பது? சொத்து ஏறினாலே ஊழலா? கேஸ் இருந்தாலே குற்றவாளியா? எல்லாவற்றுக்கும் மேலாக, "சாப்பிட்டாலும் வேலை செய்தார்" என்பதை ஒரு நியாயமாக எடுத்துக்கொள்ளலாமா?

"எல்லாரும் திருடன்தான்" என்ற பதில் வேண்டாம். அது எங்கள் தெருவிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

---

படிவம்26

வேட்புமனுவோடு தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தில் இருந்து தொடங்குங்கள். அதற்குப் பெயர் படிவம் 26. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் மனு தாக்கலான ஓரிரு நாளில் ஸ்கேன் பிரதி ஏறிவிடும். பழைய தேர்தலின் பத்திரங்கள் மைநேதா தளத்திலும் உண்டு. இரண்டு தேர்தலின் பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தனியாக ஒன்றை மட்டும் பார்த்து ஒரு பிரயோசனமும் இல்லை.

"சொத்து நாலு மடங்கு" என்று வரும் செய்தி பெரும்பாலும் மொத்தத் தொகையை மொத்தத் தொகையால் வகுத்தது. அதில் பாதி ஏமாற்று, சில சமயம் அவருக்கே அநியாயம். அசையாச் சொத்துப் பகுதியில் ஒவ்வொரு நிலத்துக்கும் சர்வே எண், பரப்பு, பரம்பரைச் சொத்தா சுயமாக வாங்கியதா, வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய சந்தை மதிப்பு எல்லாம் தனித்தனியாக இருக்கும். அதே சர்வே எண் இரண்டு பத்திரத்திலும் இருந்து மதிப்பு மட்டும் ஏறியிருந்தால் அது நில விலை ஏற்றம், வருமானம் அல்ல. அதைக் கழித்துவிடுங்கள். புதிதாக முளைத்த சர்வே எண்கள்தான் உங்களுக்கு வேண்டியது.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். முதல் பத்திரத்தில் குடும்பத்தின் மொத்தச் சொத்து 1.80 கோடி, கடன் 20 லட்சம். இரண்டாவதில் சொத்து 6.40 கோடி, கடன் 30 லட்சம். நிகர மதிப்பு 1.60 கோடியில் இருந்து 6.10 கோடிக்குப் போயிருக்கிறது, ஏற்றம் 4.50 கோடி. அதில் பழைய நிலங்களின் மதிப்பு ஏறியது மட்டும் 1.50 கோடி என்றால் மிச்சம் 3 கோடி. இனி வருமானப் பக்கத்துக்கு வாருங்கள். கடைசி ஐந்து ஆண்டுகளின் வருமானவரிக் கணக்கில் காட்டிய வருமானம் அவருக்கு, துணைக்கு, சார்ந்திருப்போருக்கு என்று தனித்தனியாக இருக்கும். மொத்தம் கூட்டினால் 1.10 கோடி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பம் ஐந்து வருடம் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாமல் காற்றைக் குடித்து வாழ்ந்திருந்தாலும் 1.90 கோடி இடிக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி அந்த 1.90 கோடிதான். நாலு மடங்கு, ஐந்து மடங்கு என்பதெல்லாம் பேச்சு.

வருமானத்துக்கு மீறிய சொத்து வழக்குகளில் லஞ்ச ஒழிப்புத் துறையும் ஏறக்குறைய இதே கணக்கைத்தான் போடுகிறது. தொடக்கத்தில் இருந்த சொத்து, முடிவில் இருந்த சொத்து, இடையில் வந்த வருமானம், செய்த செலவு. 1977 அக்னிஹோத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் வருமானத்தில் 10 சதவீதம் வரையிலான வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டது.

கூட்டலை நீங்களே போடுங்கள் என்று சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஜெயலலிதா வழக்கில் 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் மிகுதிச் சொத்து 8.12 சதவீதம்தான் என்று விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் வருமானமாகச் சேர்த்த பத்துக் கடன்களின் பட்டியல் இருந்தது. மொத்தம் 24,17,31,274 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகக் கூட்டினால் வருவது 10,67,31,274. பதின்மூன்றரைக் கோடி வெறும் கூட்டல் பிழை. அதைச் சரிசெய்தால் 8.12 என்பது 76 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் கீழமை நீதிமன்றத்தின் தண்டனையை மீட்டது. அதற்குள் அவர் காலமாகிவிட்டார். அந்த வழக்கு விசாரித்த காலம் 1991 முதல் 1996 வரை. இறுதித் தீர்ப்புக்கும் அந்தக் காலத்துக்கும் இடையில் நான்கு சட்டமன்றத் தேர்தல்கள் போயின. "கோர்ட் சொல்லட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று உட்கார்ந்திருக்கும் வாக்காளர் எத்தனை முறை ஓட்டுப் போட்டு முடித்திருப்பார் பாருங்கள்.

வழக்கமான ஓட்டைகள் சில. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் வராத பணமெல்லாம் வயலில் விளைந்ததாகச் சொல்வார்கள். பத்திரத்திலேயே எத்தனை ஏக்கர் என்று இருக்கிறது. மூன்று ஏக்கர் நஞ்சையில் வருடம் நாற்பது லட்சம் விளையாது என்பதை உங்கள் ஊர் விவசாயி யாரும் சொல்வார். அடுத்தது, திருமணமாகித் தனியே வாழும் மகன், மருமகன், மைத்துனர் ஆகியோர் சார்ந்திருப்போர் பட்டியலில் வரமாட்டார்கள். அங்கே பத்திரம் ஊமை. அதனால் பத்திரம் சுத்தமாக இருந்தால் ஆள் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்திரமே இடித்தால் மட்டும் அது வலுவான சாட்சி.

அரசோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறாரா என்று 9-ஆம் பகுதியில் ஒரு கேள்வி உண்டு. பெரும்பாலும் "இல்லை" என்றிருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தவர் சொல்லும் டெண்டர் கதையோடு சேர்த்துப் பார்க்கலாம். பொய்ப் பத்திரம் தந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு.

கேஸ் விஷயம்: எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பிரிவைப் பாருங்கள். தமிழ்நாட்டில் மறியல் செய்யாத அரசியல்வாதி கிடையாது. பழைய இந்திய தண்டனைச் சட்டம் 143, 188, 341 என்று இருபது வழக்கு வைத்திருப்பவர் தெருவில் நின்றவர், அவ்வளவுதான். 2024 ஜூலை முதலான வழக்குகளில் இதே குற்றங்கள் பாரதிய நியாய சன்ஹிதாவின் 189, 223, 126 என்று வரும். 420 (மோசடி), 307 (கொலை முயற்சி), அல்லது ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7, 13 என்று ஒரே ஒரு வழக்கு இருந்தாலும் அது வேறு கதை. பிறகு நிலையைப் பாருங்கள்: வெறும் எஃப்ஐஆரா, நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்துவிட்டதா? வனைந்திருந்தால், முதல் பார்வையில் முகாந்திரம் இருக்கிறது என்று ஒரு நீதிபதி பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

---

எம்புக்

மேலே சொன்னது ஆளைப் பத்தி. நான் ரோட்டைப் பத்திச் சொல்றேன், ஏன்னா "சாப்பிட்டாலும் வேலை செஞ்சார்"ங்கிற பேச்சு உடையுறது ரோட்டுலதான்.

முதல்ல அது யாரு ரோடுன்னு பாருங்க. தெருவிளக்கு, தெருக் குழாய், உள்தெரு ரோடு எல்லாம் உள்ளாட்சி. ஊருக்கு ஊர் போற பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறை. எம்எல்ஏ தன் கைக்காசு மாதிரி சொல்லிக்கிறது தொகுதி மேம்பாட்டு நிதி மட்டும்தான். வருஷத்துக்கு 3 கோடி, அஞ்சு வருஷத்துக்கு 15 கோடி. அதுலயும் அவர் பரிந்துரைதான் பண்ணலாம். நிர்வாக ஒப்புதல் கொடுக்கிறது கலெக்டர், வேலை எடுக்கிறது ஒன்றியமோ நகராட்சியோ. அதனால "எங்க எம்எல்ஏ நூறு கோடிக்கு வேலை கொண்டாந்தார்"னு போஸ்டர் அடிச்சா, அதுல 85 கோடி ஏதோ ஒரு துறையோட வழக்கமான திட்டம். அதுல அவர் பங்கு என்னன்னு தனியா கேக்கணும்.

அறிவிப்பு வேற, வேலை வேற. சட்டமன்றத்துல 110 விதியில அறிவிச்சா அது வெறும் அறிவிப்பு. அப்புறம் அரசாணை, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், பணி ஆணை, எம்-புக்குல (வேலையை அளந்து எழுதுற பதிவேடு) அளவு, பில். அடிக்கல் நாட்டுற கல்லு இதுல எந்தப் படியில வேணா வரும். எலெக்ஷனுக்கு முந்தின மாசம் நட்ட கல்லுக்கு மார்க் போடாதீங்க.

இப்ப கமிஷன். எஸ்டிமேட்ல சிமெண்ட், மணல், ஜல்லி, கூலி, ஜிஎஸ்டி எல்லாத்துக்கும் வரி இருக்கு. "கமிஷன்"னு ஒரு வரி கிடையாது. அப்ப அந்தப் பணம் எங்கேர்ந்து வருது? கான்ட்ராக்டர் வீட்டு நகையை அடமானம் வச்சா குடுக்கிறார்? கனத்துலேர்ந்து வருது.

100 மீட்டர் தெரு, 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் சிமெண்ட் ரோடு. 45 கன மீட்டர் கான்கிரீட். கனத்தை 12 ஆக்கினா 36. ஒன்பது கன மீட்டர் காணோம், அதாவது அஞ்சுல ஒரு பங்கு. கன மீட்டருக்கு ஆறரை மூட்டை சிமெண்ட்னு வச்சாக்கூட ஐம்பத்தஞ்சு மூட்டைக்கு மேல மிச்சம். மேலேர்ந்து பாத்தா ரெண்டு ரோடும் ஒண்ணுதான். ரெண்டு மழை, நாலு லாரி போனப்புறம் வித்தியாசம் தெரியும்.

இதுல ஒரு வித்தை இருக்கு. ஓரத்துல அளந்தா கரெக்டா 15 வரும், ஏன்னா ஓரப் பலகை 15 சென்டிமீட்டர். நடுவுல மண்ணை மேடா குவிச்சு விட்டிருப்பாங்க, அங்க 9, 10தான் இருக்கும். அதனால கான்கிரீட் கொட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கப் பலகைக்கும் குறுக்கே ஒரு நூலைக் கட்டுங்க. நூலுக்கும் கீழே இருக்கிற தரைக்கும் நடுவுல மூணு இடத்துல டேப் வைங்க. பத்து மீட்டருக்கு ஒரு தடவை. ரெண்டு பேர், ஒரு பந்து நூல், ஒரு டேப், போன்ல ஒரு படம். ரோடு போட்டு முடிஞ்சப்புறம் பண்ற ஆயிரம் புகாரைவிட இது பெருசு.

பேவர் பிளாக் தெருன்னா இன்னும் சுலபம். எஸ்டிமேட்ல 80 மில்லிமீட்டர் போட்டு 60 பதிச்சிருப்பாங்க. ஓரக்கல் ஒண்ணைத் தூக்கி ஸ்கேல் வைங்க. தார் ரோடுல, பழசைச் சுரண்டாம மேலயே புதுசைப் போட்டா வேலையும் சீக்கிரம் முடியும், காசும் மிச்சம். ஆனா ஒவ்வொரு தடவையும் ரோடு ஏறும், வீட்டு வாசல் இறங்கும், மழைத் தண்ணி உள்ளே வரும். எஸ்டிமேட்ல மில்லிங், அதாவது பழசைச் சுரண்டுற வேலை, இருக்கான்னு பாருங்க. இருந்தும் செய்யலைன்னா, செய்யாத வேலைக்குப் பில் போட்டிருக்காங்களான்னு பாருங்க.

டெண்டர்ல ரெண்டு விஷயம் போதும். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, அதோட விதிகள் 2000. ரெண்டு கோடி வரைக்கும் குறைஞ்சது 15 நாள், அதுக்கு மேல 30 நாள் அவகாசம் குடுக்கணும். சுருக்கினா மேலதிகாரி காரணம் எழுதணும். நாளைச் சுருக்குறது, பத்துச் சின்ன வேலையை ஒரே பேக்கேஜாக் கட்டி உள்ளூர் ஆளுங்களால எடுக்க முடியாம பண்றது, கடைசியில ஒருத்தரோ ரெண்டு பேரோ மட்டும் டெண்டர் போடுறது. இது மூணும் சேந்து வந்தா அடுப்பு எங்க எரியுதுன்னு புரிஞ்சுக்கலாம்.

ஆக, "சாப்பிட்டார்" ஒரு கணக்கு, "செஞ்சார்" இன்னொரு கணக்குன்னு ரெண்டு நோட்டு கிடையாது சார். அவர் சாப்பிட்டதே அந்த ரோட்டைத்தான்.

---

சும்மா_சொல்றேன்

எல்லாம் சரிங்க. நூல் கட்டி அளக்கிற நேரத்துக்கு 500 ரூபா கவர் வந்துடும், மறந்துடுவாங்க.

அந்தக் கவரையும் கொஞ்சம் அளந்துடுவோமே. சட்டமன்ற வேட்பாளர் செலவு உச்சவரம்பு 40 லட்சம். ஒரு தொகுதியில இரண்டரை லட்சம் ஓட்டு. பாதிப் பேருக்கு ஆளுக்கு 500 குடுத்தா 6.25 கோடி. எம்எல்ஏ சம்பளம் படியெல்லாம் சேத்து மாசம் 1,05,000. அறுபது மாசத்துக்கு 63 லட்சம். சம்பளத்தை அப்படியே உண்டியல்ல போட்டாலும் போட்ட பணத்துல பத்துல ஒரு பங்குதான் திரும்பும். மீதியை எம்புக் அண்ணன் சொன்ன அந்த ஒன்பது கன மீட்டர்லதான் எடுக்கணும்.

கவர் குடுத்தவர் நல்லவரா கெட்டவரான்னு ஆராய்ச்சியே வேண்டாம். கணக்கு தானா பேசுது.

---

சபைக்குறிப்பு

மேலே உள்ள பதிலோடு ஒன்று சேர்க்கிறேன். கவர் கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 170. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று தமிழ்நாட்டில் பணத்துக்காகத் தேர்தலே நின்ற வரலாறு உண்டு. தேர்தல் ஆணையத்தின் சிவிஜில் செயலியில் படமோ வீடியோவோ எடுத்து அனுப்பினால் 100 நிமிடத்தில் நடவடிக்கை என்பது ஆணையத்தின் கணக்கு. புகார் செய்பவர் பெயரை மறைத்தும் அனுப்பலாம்.

என் பதில் அவைப் பணி பற்றி. சட்டமன்ற உறுப்பினரின் முதல் வேலை ரோடு போடுவது இல்லை. கேள்வி கேட்பது, மானியக் கோரிக்கையில் (துறைக்குப் பணம் ஒதுக்கக் கேட்கும் விவாதத்தில்) பேசுவது, அந்த ஒதுக்கீட்டைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுப்பது. உங்கள் தொகுதிக்காரர் ஐந்து வருடத்தில் எந்தத் துறையைப் பற்றி என்ன கேட்டார் என்பது அவைக் குறிப்புகளில் கிடைக்கும். ஆனால் ஒப்பிடும்போது கவனம் தேவை. அமைச்சர் கேள்வி கேட்க மாட்டார், பதில் சொல்வார். அவருக்குக் கேள்வி எண்ணிக்கை பூஜ்யம் என்று படம் போட்டுப் பரப்புவது அறியாமை. அமைச்சரை அளக்க அவர் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை எடுங்கள். போன வருடக் குறிப்பில் "நடைபெற்று வருகிறது" என்று எழுதிய பணி இந்த வருடமும் அதே வார்த்தையில் இருக்கிறதா பாருங்கள். சில பணிகள் மூன்று வருடமாக நடைபெற்றே வருகின்றன.

எம்பிக்களை ஒப்பிடுபவர்கள் அடிக்கடி தவறும் இடம் ஒன்று. தொகுதி நிதி வருடத்துக்கு 5 கோடி, ஆகவே 25 கோடி என்று கணக்கிட்டு 2019–24 உறுப்பினர்களைத் திட்டுகிறார்கள். கொரோனாவால் 2020–21 முழுவதும் நிதி கிடையாது, அடுத்த வருடம் 2 கோடிதான். மொத்தமே 17 கோடி.

அரசின் கணக்கைத் தணிக்கை செய்யும் தலைமைக் கணக்காயர் (சிஏஜி) அறிக்கை பற்றி யாரும் சொல்லவில்லை. ஊழலுக்கும் செயல்திறனுக்கும் நடுவில் நிற்கும் ஆவணம் அது. ஆளுநர் வழியாகப் பேரவையில் வைக்கப்பட்ட பிறகு தளத்தில் யாரும் எடுக்கலாம், தமிழிலும் கிடைக்கும். முதலில் அட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள். தாக்கலான வருடம் ஒன்று, தணிக்கை செய்த காலம் வேறு. பல சமயம் இந்த ஆட்சியில் தாக்கலாகும் அறிக்கை போன ஆட்சியின் கணக்கைப் பேசும். இரு தரப்பும் இதை வசதிக்கு ஏற்ப மாற்றிச் சொல்வார்கள். அடுத்து, ஒவ்வொரு பத்தியிலும் துறை தந்த பதிலும் அதன் கீழே தணிக்கையின் மறுமொழியும் இருக்கும். "பதில் ஏற்கத்தக்கதல்ல" என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கே நின்று படியுங்கள். விஷயம் அங்கேதான் இருக்கும்.

அந்த அறிக்கையில் வரும் இழப்பு லஞ்சத் தொகை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு விவகாரத்தில் 2010 அறிக்கை உத்தேச இழப்பைப் பல முறைகளில் கணக்கிட்டது. மிகக் குறைந்தது 57,666 கோடி, மிக அதிகம் 1,76,645 கோடி. மேடைகளில் பெரிய எண் மட்டும் நின்றது. சிபிஐ குற்றப்பத்திரிகையில் இழப்பு 30,984 கோடி. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் ஒதுக்கீடு தன்னிச்சையானது என்று 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் ஆ.ராசா உள்ளிட்ட அனைவரையும் விடுவித்தது. சிபிஐயின் மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது.

இந்த இரண்டு தீர்ப்பும் முரண் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஒதுக்கிய முறை சரியா என்பது ஒரு கேள்வி. குறிப்பிட்ட ஆட்கள் குற்றம் செய்தது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமானதா என்பது இன்னொன்று. வாக்காளருக்கு முதல் கேள்விக்குத் தீர்ப்பு எழுதும் உரிமை உண்டு, அதற்கு இரண்டாவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சிறைக்கு அனுப்பத் தேவையான ஆதாரமும், மறுபடி சாவியைக் கொடுக்காமல் இருக்கத் தேவையான ஆதாரமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மறுபக்கம், விடுதலையான ஒருவரை "கொள்ளைக்காரர்" என்று அழைப்பதும் தகாது. "அந்த முடிவு எடுத்தது தவறு" என்று சொல்ல அவருடைய பெயரைக் கெடுக்கத் தேவையில்லை.

---

மேட்டுத்தெரு

நன்றி. இதில் பாதி எனக்குப் புதிது. இரண்டு சந்தேகம். எதிர்த்து நிற்பவர் புதுமுகம் என்றால் ஒப்பிட முந்தைய பத்திரமே இருக்காதே? பிறகு, போட்டு முடித்த ரோட்டை எப்படி அளப்பது? கான்கிரீட் கொட்டிய அன்று நம் தெருவில் யாரும் நூலோடு நிற்கவில்லை.

---

படிவம்26

புதுமுகம் என்று போஸ்டரில்தான் இருக்கும். ஊராட்சித் தலைவர், கவுன்சிலர், கூட்டுறவுச் சங்கப் பொறுப்பு என்று ஏதாவது ஒன்றில் இருந்திருப்பார். ஊராட்சித் தலைவராக இருந்தவர் என்றால் அளப்பது எம்எல்ஏவை அளப்பதைவிட எளிது. கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவைப் படிவம் 30-இல் எழுதி மக்கள் பார்வைக்கு வைத்தாரா, அல்லது வெறும் கையெழுத்து நோட்டை வீடு வீடாக அனுப்பினாரா என்று அந்த ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட முடியும். அதனால் துணைத் தலைவரிடம் பேசிப் பாருங்கள். கசந்து பிரிந்தவராக இருந்தால் கொஞ்சம் தள்ளுபடி செய்து கேளுங்கள்.

குற்ற வழக்கு உள்ளவர் என்றால், அவரை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்த 48 மணி நேரத்துக்குள் கட்சி, வழக்கு இல்லாத வேறு ஒருவரை ஏன் நிறுத்த முடியவில்லை என்று காரணம் எழுதி வெளியிட வேண்டும். உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னது. வெற்றி வாய்ப்பு மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது. கட்சியின் தளத்தில் அந்தக் காகிதத்தைத் தேடிப் பாருங்கள். பத்து வேட்பாளருக்கும் ஒரே வாக்கியத்தை ஒட்டியிருந்தால் அந்தக் கட்சி உங்களை எவ்வளவு மதிக்கிறது என்று தெரியும்.

நோட்டாவை நம்பி இருப்பவர்களுக்கு: சட்டமன்றத் தேர்தலில் நோட்டாவே முதலிடம் பிடித்தாலும் அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர்தான் ஜெயித்தவர்.

---

எம்புக்

போட்டு முடிச்ச ரோட்டுக்கு வழி இருக்கு, ஆனா பத்து நாள்ல ஆகாது. தேர்தல் தேதி அறிவிக்கிறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே தொடங்கணும்.

மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையோட பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமை மனு. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், இல்லேன்னா தமிழ்நாடு அரசோட ஆன்லைன் தளம். "ஏன் ரோடு சரியில்லை"ன்னு கேக்காதீங்க. ஏன், எதுக்குன்னு கேட்டா அது தகவல் இல்லைன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. ஆவணத்தைப் பேர் சொல்லிக் கேளுங்க. இத்தனாம் வருஷம் முதல் இத்தனாம் வருஷம் வரைக்கும் தொகுதி மேம்பாட்டு நிதியில எடுத்த வேலைகளோட பட்டியல், ஒவ்வொண்ணுக்கும் மதிப்பீடு, ஒப்பந்ததாரர், முடிஞ்ச தேதி, கொடுத்த தொகை. முதல் மனு இது போதும்.

பட்டியல் வந்ததும் எல்லாத்தையும் துரத்தாதீங்க. உங்க கால் படுற ஒரே ஒரு வேலையை எடுங்க. அதுக்கு ரெண்டாவது மனு: எஸ்டிமேட் நகல், எம்-புக்குல அந்த வேலையோட பக்கங்கள், பில், கான்கிரீட் கட்டியோட 28 நாள் பரிசோதனை அறிக்கை. பக்கத்துக்கு 2 ரூபா. 30 நாள்ல பதில் வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அதே அலுவலகத்து மேலதிகாரிக்கு. அதுக்கப்புறம் 90 நாளுக்குள்ள மாநிலத் தகவல் ஆணையம், ஆனா அங்க போனா அடுத்த எலெக்ஷனே வந்துரும்.

எம்-புக் கைக்கு வந்ததும் டேப்பை எடுத்துக்கிட்டுப் போய் முதல்ல நீளமும் அகலமும் அளங்க. கனத்தைப் பத்தி அப்புறம் பேசலாம். 100 மீட்டர்னு எழுதியிருக்கும், தெருவே 82 மீட்டர்தான் இருக்கும். அகலம் 3 மீட்டர்னு இருக்கும், நடுவுல டிரான்ஸ்ஃபார்மர் வர்ற இடத்துல 2.4 ஆயிருக்கும், கழிச்சிருக்க மாட்டாங்க. இதை யாரும் மறுக்க முடியாது, டேப் போதும்.

கனத்துக்குத் தகவல் உரிமைச் சட்டம் 2(ஜெ) பிரிவு. வேலையை நேர்ல பார்வையிடவும், பொருளோட சான்றளிக்கப்பட்ட மாதிரி எடுக்கவும் உரிமை இருக்கு. மனுவுல "பணியை ஆய்வு செய்யவும், சாலையின் நடுப்பகுதியில் மூன்று இடங்களில் துளையிட்டு மாதிரி எடுக்கவும் தேதி குறிப்பிடுக"ன்னு எழுதுங்க. நடுப்பகுதின்னு எழுத மறக்காதீங்க. அதை விட்டுட்டா ஓரத்துல ஒரு ஓட்டை போட்டு 15 காட்டிட்டுப் போயிருவாங்க. துளை போட்ட உருளையை எடுத்ததும் அங்கேயே பக்கத்துல ஸ்கேல் வச்சுப் படம், ஒன்றியப் பொறியாளர் கையெழுத்து, உங்க கையெழுத்து. அந்த உருளையை யாரும் தனியா கொண்டுபோக விடாதீங்க.